அட்வான்ஸ் கொடுத்த பிறகு வீட்டுப் புரோக்கர் குறையை மறைத்தது தெரிந்தால் காசு திரும்புமா? அவர் மேல் நடவடிக்கை எடுக்கலாமா?

காசு திரும்ப வாய்ப்பு உண்டு. எனக்குத் திரும்பியது, கொஞ்சம் குறைவாக. நடவடிக்கை பற்றிக் கீழே சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் ஊர்ப் பெயர் இல்லை, இலங்கை மலையகம் என்று மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரப் பார்க்கிற குடும்பம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் புரோக்கர் விற்பவரிடமும் உங்களிடமும் கமிஷன் வாங்குகிறார் என்று வாசித்ததுமே எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது.

எங்கள் விஷயம் பண்டாரவளைப் பக்கம். நான் பாடசாலை ஆசிரியை. வீட்டுக்கான காசு, அம்மா 50 வயது முடிந்ததும் எடுத்த சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.), அப்பாவுடையது, தங்கை குவைத்திலிருந்து அனுப்பியது, மீதிக்கு வங்கிக் கடன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதுதான் முதல் சொந்த வீடாக இருந்திருக்கும். விலை 78 லட்சம் பேசினார்கள். புரோக்கர் நம்ம ஆள்தான், தமிழர். அதனால்தான் அம்மா நம்பிப் போனார்.

வீடு பார்க்கப் போன அன்று புதுப் பெயின்ட் வாசம். முற்றத்தில் கிணறு, மேலே சிமெந்துப் பலகை போட்டுப் பூசியிருந்தது. "பிள்ளைங்க விழுந்திரும்னு மூடி வச்சிருக்காங்க டீச்சர், மோட்டர் போட்டா தண்ணி கொட்டும்" என்றார் புரோக்கர். குழாயைத் திறந்தும் காட்டினார். நன்றாகத்தான் வந்தது. அம்மா விடவில்லை. வாழ்நாள் முழுக்க லயத்துப் பொதுக்குழாயில் குடத்தோடு நின்றவர். வருஷம் முழுக்கத் தண்ணீர் இருக்குமா, மாசி பங்குனியிலும் இருக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இருக்கும் என்று புரோக்கர் சொன்னார்.

அட்வான்ஸ் 5 லட்சம். அதைத் தவிர, பேப்பர் வேலை, கமிஷனில் ஒரு பகுதி என்று எங்களிடம் 75,000 ரூபாய். ரசீது கேட்டபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. "நம்ம ஆளுங்களுக்கு டவுன்ல வீடு அமையிறதே பெரிய விஷயம் டீச்சர். ரசீது அது இதுன்னு நின்னா பார்ட்டி வேற ஆளுக்குக் குடுத்திருவாரு." அம்மா சொன்னார்: "காசு வாங்குற கை கையெழுத்தும் போடட்டும் தம்பி." நான் சீ.ஆர். கொப்பியில், அதாவது பெரிய நோட்டில், ஒரு பக்கம் தமிழில் எழுதினேன். எவ்வளவு காசு, எதற்கு, எந்தத் தேதி, கிணற்றில் வருடம் முழுவதும் தண்ணீர் உண்டு என்றும் சுவர்களில் குறை இல்லை என்றும் தரகர் சொன்னதன் பேரில் கொடுக்கப்படுகிறது என்று. முகம் சுளித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

உறுதி (விற்பனைப் பத்திரம்) முடிப்பதற்கு முன் மேசன் வேலை செய்யும் என் தாய்மாமாவைக் கூட்டிப் போனோம். அறைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. மாமா அதைத் தூக்கிப் பார்த்தார். பட்டி பூசி மறைத்த வெடிப்பு, மூலையிலிருந்து ஜன்னல் வரைக்கும் சாய்வாக ஓடியது. நகத்தால் கீறினார், பட்டி தூளாகக் கொட்டி உள்ளே விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. பக்கத்து வீட்டு சிங்கள அம்மா வேலியோரம் நின்றிருந்தார். அவரிடம் கேட்டோம். கிணறு வற்றிப் பல வருடமாம், பவுசர் லாரியில் வரும் தண்ணீரைத் தாங்கியில் ஏற்றித்தான் குழாயைத் திறந்து காட்டுகிறார்களாம். வெடிப்புக்கு நட்டஈடுகூட வந்ததாம், அதற்கான படிவங்களை நிரப்பிக் கொடுத்தவரே இந்தப் புரோக்கர்தானாம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். உமா ஓயா என்னும் நீர்மின், பாசனத் திட்டத்தின் சுரங்கப் பாதையில் 2014 டிசம்பரில் தண்ணீர் கசியத் தொடங்கிய பிறகு, பண்டாரவளை வட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது, நட்டஈடும் கொடுக்கப்பட்டது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்த வீட்டுச் சுவர் எதனால் வெடித்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் பொறியியலாளர் இல்லை. என் முறைப்பாடு சுவர் மேல் இல்லை. வெடித்தது அவருக்குத் தெரியும், படிவம் நிரப்பும் அளவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்து "இருக்கும்" என்றார்.

"வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும்" என்று இதன் கீழே எழுத வருகிறவர்களுக்கு: நாங்கள் பார்த்தோம், கேட்டோம், எழுதியும் வாங்கினோம். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வதை வியாபாரத் தந்திரம் என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லாத் தரகரும் இப்படி என்றும் சொல்லவில்லை. வழக்கமாக விற்பவரிடம் மட்டும் 3 வீதம் வாங்கிக்கொண்டு நேர்மையாக வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் நடந்தது. புரோக்கர் போனை எடுக்கவில்லை. பொலிஸுக்குப் போனோம், இது சிவில் விஷயம் என்றார்கள். ஆனாலும் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கம் வாங்கிக்கொண்டேன், நீங்களும் வாங்குங்கள். ஒரு சட்டத்தரணியிடம் கேட்டபோது, 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி காணி விற்கும் ஒப்பந்தம் பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் செல்லாது என்றார். அதாவது அந்தக் கொப்பித் தாளை வைத்து அவர்கள் எங்களை வீட்டை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் காசு கைமாறியதற்கு அது சாட்சி. முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னார். வழக்குக்குப் போகாமல் பேசித் தீர்க்க அரசு அமைத்த சபை அது.

சபைக்கு எழுதிக் கொடுத்தோம். முதல் அமர்வு தவறிப்போனது. ஏன் தெரியுமா? எங்களுக்கு வந்த அறிவித்தல் தோட்டத்து ஒபீசில் கிடந்தது. லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்தின் பெயருக்கு வந்து ஒபீசில் குவியும், யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. என் கூடப் படித்த ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்துதான் கையில் கிடைத்தது. அந்த வேலை போனது போனதுதான். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த 1823இலிருந்து கணக்குப் பார்த்து 2023இல் மலையகம் 200 என்று ஊர் ஊராக விழா எடுத்தோம். பேசியவர்கள் எல்லாரும் காணி உரிமை பற்றிப் பேசினார்கள், சரி. காணி வரும்வரை ஒவ்வொரு கதவுக்கும் ஓர் இலக்கமாவது போட்டுக் கொடுங்கள், தபால்காரரை வாசல்வரை அனுப்புங்கள். டவுனில் வீடு என்று நாங்கள் தவித்ததில் பாதி, எங்கள் பெயருக்குக் கடிதம் வரும் ஒரு முகவரிக்காகத்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் போக முடியவில்லை.

அடுத்த அமர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை மண்டபத்தில். அங்கே சட்டத்தரணிகள் வாதாட வரமுடியாது, அதனால் பயப்படாதீர்கள், பேசுவது நீங்களும் எதிர்த்தரப்பும் மட்டும்தான். மத்தியஸ்தர் மூன்று பேர். நான் கொப்பித் தாளைக் கொடுத்தேன். தண்ணீர் பற்றிய வரியை வாசித்துவிட்டு, இது உங்கள் கையெழுத்தா என்று புரோக்கரிடம் கேட்டார்கள். "அது சும்மா, டீச்சர் கேட்டதுக்காகப் போட்டது" என்றார். விற்பவர் வயதான மனிதர். வெடிப்பைச் சொல்லித்தான் விற்கச் சொன்னேன், 3 வீதம் தருவதாகவும் பேசியிருக்கிறேன், என் கைக்கு வந்தது 4 லட்சம்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மீதி ஒரு லட்சம் புரோக்கர் பையில் இருந்தது அப்போதுதான் இரண்டு தரப்புக்கும் தெரிந்தது.

இணக்கம் எழுதப்பட்டது. விற்பவர் 4 லட்சத்தை இரண்டு தவணையில் தந்தார். புரோக்கர் அந்த ஒரு லட்சத்தைத் தந்தார். 75,000 ரூபாயில் பாதிதான் வந்தது. மீதிக்காக நான் அலையவில்லை, அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. நடவடிக்கை என்று நீங்கள் கேட்டது அந்த மனிதரின் தொழிலை நிறுத்திவைப்பது பற்றி என்றால், அதற்கு எங்கே போய் நிற்பது என்று நான் விசாரித்த எல்லாரும் கையை விரித்தார்கள். இன்றும் அவர் வீடு காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மறைத்த குறை என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. பத்திரத்தில் என்றால் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அரசாங்கம் கொடுத்த ஜயபூமி, ஸ்வர்ணபூமி அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்க முடியாது, அந்தக் கொடுக்கல் வாங்கலே செல்லாது. மண்சரிவு என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகும் சரிவான நிலத்தை ஒரு தரகரின் வாய்ப்பேச்சை நம்பி வாங்கக் கூடாது. சமாதானமாகிவிட்டோம் என்று சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் போடாதீர்கள். உங்கள் கையில் ரசீது இருக்கிறதா, அதில் யார் பெயர், என்ன வாசகம் என்று கீழே எழுதுங்கள். சபைக்குக் கொடுக்கும் கடிதத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.