போனஸ் கேட்பதற்கு முன் முதலாளி யாரென்று கேளுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உதவி மேனேஜராக இருப்பவர்களும் அந்த வேலைக்குப் போக நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பதில் எழுதுபவர் துபாயில் 14 வருடம் கட்டடப் பராமரிப்பிலும், அப்புறம் திருவனந்தபுரத்தில் குடியிருப்பு நிர்வாகத்திலும் இருந்துவிட்டு, இப்போது நாகர்கோவில் பார்வதிபுரத்தில் ஓய்வாக இருக்கிறார்.

கேள்வி: எனக்கு 29 வயது. பி.காம். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் நாலு வருடம் ஃப்ரண்ட் ஆபீசில் இருந்தேன். இப்போது நாகர்கோவிலில் 96 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் உதவி மேனேஜர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனி மூலமாகத்தான் வேலை. 22,000 என்று பேச்சு. "நீங்க எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்றும் கேட்கிறார்கள். டெக்சாஸில் என் அத்தை மகன் இதே வேலை பார்க்கிறான். அவனுக்கு ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்துக்கும் தனி போனஸ், குடியிருக்கிற வீட்டுக்கு வாடகைச் சலுகை. நானும் அப்படிக் கேட்கலாமா? (வாசகர், வெட்டூர்ணிமடம்)

கேளுங்கள், கேட்பதற்குக் காசா பணமா. ஆனால் கிடைக்காது. ஏன் என்று தெரிந்துகொண்டால் எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் அத்தை மகன் வேலை பார்க்கிற மாதிரி இடங்களில் வளாகம் முழுவதும் ஒரே கம்பெனியின் சொத்து. 300 வீடு இருந்தால் 300-ம் வாடகைக்கு. ஒரு வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அந்த மாத வாடகை போயே போச்சு. அங்கே உதவி மேனேஜரின் முக்கிய வேலை வாடகை வசூல், பாக்கிக்காரருக்கு நோட்டீஸ், பழைய ஆளை ஒப்பந்தம் புதுப்பிக்க வைப்பது. அவன் ஓடினால் முதலாளிக்கு வருமானம் கூடும், கூடியதில் கொஞ்சம் அவன் கைக்கும் வரும். புது ஆளுக்கு இவ்வளவு, புதுப்பித்தால் இவ்வளவு, வசூல் இலக்கைத் தொட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவ்வளவு என்று வைத்திருப்பார்கள்.

நம்மூரில் 96 வீட்டுக்கு 96 முதலாளி. அதில் பாதிப் பேர் குவைத்திலோ மஸ்கட்டிலோ இருப்பார்கள். நீங்கள் எவ்வளவு ஓடினாலும் வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் அசோசியேஷனுக்கு லாபம் என்று ஒன்று வராது. மாதம் வீட்டுக்கு 2,500 வசூலித்தால் 2,40,000. செக்யூரிட்டி, துப்புரவு, லிஃப்ட் பராமரிப்பு, பொது மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் போனால் மிஞ்சுவது மோட்டார் காயில் கட்டத்தான் ஆகும். அதிலிருந்து கமிஷன் எப்படி வரும்?

இனி 22,000-க்கு வருவோம். கம்பெனிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த 22,000-க்குள் போனஸ் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது. பல கம்பெனிகள் போனஸை மாதாமாதம் பிரித்து சம்பளச் சீட்டிலேயே ஒரு வரியாகப் போட்டுவிடும். தீபாவளிக்குப் போய் நின்றால், "அதான் மாசாமாசம் வாங்கிட்டீங்களே" என்பார்கள். சட்டப்படி அது முன்பணம், கழித்துக்கொள்ளலாம். ஆகவே சேரும் முன்பே கேளுங்கள்.

இரண்டாவது, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து எவ்வளவு? உங்கள் 22,000-ல் அது 15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், 1,800 ரூபாய், பி.எஃப். பிடிப்பார்கள். கைக்கு 20,200 வரும். இ.எஸ்.ஐ. என்கிற ஊழியர் மருத்துவக் காப்பீடு, அதற்குக் கணக்கெடுக்கும் சம்பளம் 21,000-க்கு மேல் போனால் கிடையாது. உங்கள் 22,000-ல் எவ்வளவு அந்தக் கணக்கில் வரும் என்று கேளுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கணக்கில் 21,000 வருகிறவருக்கு மாதம் 158 ரூபாய் பிடித்து, பெண்டாட்டி பிள்ளை, அவரை நம்பியிருக்கும் அப்பா அம்மா வரைக்கும் வைத்தியம் உண்டு. அந்தக் கணக்கில் 22,000 வருகிறவருக்கு அது இல்லை. வீட்டில் சர்க்கரை, பிரஷர் என்று வயசானவர்கள் இருந்தால் 21,000-மே நல்லது என்பேன். இ.எஸ்.ஐ. வேண்டாம் என்றால், தாண்டும்போது ஒரேயடியாக 24,000, 25,000 என்று தாண்டுங்கள். 24,000 கேட்டால் வாய் பிளப்பார்கள். வீட்டுக்கு 250 ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள், அதே தொகைதான், ஆனால் வாய் அவ்வளவு பிளக்காது.

மூன்றாவது போனஸ் சட்டம். "உதவி மேனேஜர் ஸ்டாஃப் இல்லை, நிர்வாகம், அதனால் போனஸ் இல்லை" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். 1965-ம் ஆண்டு போனஸ் சட்டம் நிர்வாக வேலை பார்ப்பவரையும் சேர்த்தே ஊழியர் என்றது. பார்க்க வேண்டியது சம்பள வரம்பை மட்டும். அது 21,000. அதுவும் அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டும், வீட்டு வாடகைப் படி சேராது. உங்களுக்கு அது 15,000 என்றால் நீங்கள் உள்ளே. குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் போனால் 20. கம்பெனியில் 20 பேர் வேலை பார்த்தால் போதும். ஆள் சப்ளை செய்கிற கம்பெனிக்கு 20 பேர் இல்லாமல் இருக்காது.

எந்தத் தொகையில் 8.33 சதவீதம் என்பதில்தான் கை வைப்பார்கள். 7,000 ரூபாய், அல்லது அந்த வேலைக்கு அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அது. 7,000-த்தில் போட்டால் வருடத்துக்கு 6,997. குறைந்தபட்சக் கூலி 12,000 என்றால் 11,995. பழக்கத்தில் 7,000-த்திலேயே போட்டு நீட்டுவார்கள். ஐயாயிரம் ரூபாய் அங்கே நிற்கிறது, மக்களே.

2025 நவம்பர் 21-ல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பழைய போனஸ் சட்டம் அதற்குள் போய்விட்டது. 8.33, 20 இரண்டும் அப்படியே இருக்கின்றன. வரம்பை அரசு அறிவிக்கும் என்று அதில் வைத்திருக்கிறார்கள், சேரும் நாளில் எது நடைமுறையோ அதைக் கேளுங்கள். இன்னொன்று, அடிப்படையை 6,000 ஆக்கி மீதியைப் 'படி' என்று பிரித்து வைக்கிற வித்தைக்கு அதில் கடிவாளம் உண்டு. விலக்கு பெற்ற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது சம்பளமாகவே கணக்காகும்.

கடைசியாக ஒன்று. கான்ட்ராக்ட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும். நீங்கள் அதே நாற்காலியில் இருப்பீர்கள், கம்பெனி பெயர் மட்டும் மாறும், உங்கள் சர்வீஸ் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும். வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, அதாவது வழக்கமான கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர்ச்சி வேண்டும். ஆகவே கம்பெனி மாறுகிற ஒவ்வொரு முறையும் பழைய கணக்கைத் தீர்த்து வாங்குங்கள். பி.எஃப். எண் மட்டும் பழையதே தொடரட்டும்.

கேள்வி: 40 வீடுகள் உள்ள குடியிருப்பில் நேரடியாக அசோசியேஷனிடம் வேலை பார்க்கிறேன். சம்பளம் 16,000. மூன்று வருடமாக போனஸ் கேட்கிறேன். "நாங்கள் லாபம் பார்க்கிற கம்பெனியா? போனஸ் எப்படித் தர முடியும்?" என்கிறார் செக்ரட்டரி. சரியா? (வாசகி, தக்கலை)

சட்டம் அவர் பக்கம்தான் சாயும் தங்கச்சி. லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கு போனஸ் சட்டத்திலேயே விலக்கு உண்டு. போதாக்குறைக்கு, 40 வீட்டில் வாட்ச்மேன், துப்புரவு, பிளம்பர் எல்லாரையும் எண்ணினாலும் 20 தேறாது. முந்தின கேள்விக்காரருக்கும் உங்களுக்கும் வேலை ஒன்றுதான். அவருக்கு முதலாளி கம்பெனி, உங்களுக்கு முதலாளி அசோசியேஷன். இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் சட்டத்தில் அது மலையளவு.

சட்டத்தில் இல்லை என்றால் தீர்மானத்தில் வாங்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2009-ல் கழக்கூட்டம் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் உதவி மேனேஜராகச் சேர்ந்தேன். சம்பளம் 9,500. பொறுப்பு எடுத்தபோது பழைய பாக்கி 4,60,000. "இதை வசூல் பண்ணிக் கொடு, உன்னை நல்லாக் கவனிச்சுக்கிறோம்" என்றார் பிரசிடெண்ட். பத்து மாதம். ராத்திரி ஒன்பது மணிக்கு அபுதாபிக்கு போன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குர்பானா முடிந்து வருகிறவரைப் படிக்கட்டில் மடக்குவது, ஒரு பேராசிரியரிடம் பதினோரு தடவை சாயா குடித்தது... 3,90,000 வசூலாயிற்று. ஓணத்துக்கு ஒரு கவர் தந்தார்கள். உள்ளே 1,500 ரூபாய். கூடவே ஏத்தங்காய் உப்பேரி ஒரு பாக்கெட். உப்பேரி நல்ல உப்பேரிதான், குற்றம் சொல்ல மாட்டேன். 'கவனிச்சுக்கிறோம்' என்ற சொல்லுக்கு 1,500 என்று அவர் அர்த்தம் வைத்திருந்தார், நான் வேறு தொகை வைத்திருந்தேன். எழுதி வாங்காதது என் மடத்தனம்.

நீங்கள் செய்ய வேண்டியது, பிப்ரவரியிலேயே, அடுத்த வருட பட்ஜெட் போடும் முன்பு, கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுப்பது. இரண்டே கோரிக்கை. வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். அது 16,000, நாற்பது வீட்டுக்குப் பிரித்தால் வருடத்துக்கு 400, மாதத்துக்கு 33 ரூபாய் சொச்சம். அடுத்தது, ஆறு மாதத்துக்கு மேல் பழையதான பாக்கியில் வசூலாகும் தொகைக்கு 2 சதவீதம். 2,40,000 வசூலித்தால் உங்களுக்கு 4,800. ஆறு மாதம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தந்த மாத வசூல் உங்கள் சம்பள வேலை, அதற்கும் பங்கு கேட்டால் கமிட்டி முகம் சுளிக்கும். வேண்டுமென்றே பாக்கி விழ விட்டு வசூலிக்கிறாள் என்று பேச்சும் வரும். இது பொதுக்குழுவில் தீர்மானமாகி மினிட்ஸில் ஏற வேண்டும். செக்ரட்டரி வருடா வருடம் மாறுவார், மினிட்ஸ் புத்தகம் மாறாது.

கடிதத்தோடு ஒரு பக்கக் கணக்கும் வையுங்கள். போன வருடம் டீசல் எத்தனை லிட்டர், இந்த வருடம் எத்தனை. தண்ணீர் லாரி எத்தனை தடவை வந்தது. லிஃப்ட் பழுதுக்கு எத்தனை நாள் நின்றது. நான் பார்த்த கமிட்டிகளில் உழைப்பைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுவார்கள், லிட்டர் கணக்கு சொன்னால் கண்ணாடியை எடுத்துப் போடுவார்கள்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் ஒரு பராமரிப்புக் கம்பெனியில் தினமும் ரயிலில் போய் வேலை பார்க்கிறேன். ஜூலையில் விலகப் போகிறேன். ஓணத்துக்குத்தான் போனஸ் போடுவார்கள். அதற்கு முன்பே விலகினால் போய்விடுமா? (வாசகர், இரணியல்)

போகாது. அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். மார்ச்சில் முடிந்த வருடத்துக்கு உங்கள் பங்கு இந்த ஓணத்தில் வரவேண்டும். ஏப்ரலிலிருந்து ஜூலை வரைக்குமானது அடுத்த வருடம் வரும், வேலை பார்த்த நாட்களுக்கு ஏற்ப. மோசடி, திருட்டு, அடிதடி போன்றவற்றுக்காக நீக்கப்பட்டால்தான் போனஸ் போகும். விலகல் கடிதத்திலேயே இரண்டையும் எழுதி, வங்கிக் கணக்கு எண்ணையும் குறித்துக் கொடுங்கள். பிறகு போனில் கேட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து இன்னொருவரும் இதே மாதிரி கேட்டிருக்கிறார். "கிறிஸ்மஸுக்குத் தருகிறோம்" என்கிறார்களாம். நம் மாவட்டத்தில் ஓணக்காரர், தீபாவளிக்காரர், கிறிஸ்மஸ்காரர் மூன்று பேரும் ஒரே படிக்கட்டில் குடியிருப்பதால், எந்தப் பண்டிகைக்கு என்பதிலேயே ஒரு மாதம் ஓட்டிவிடுவார்கள். மார்ச் 31-ல் கணக்கு முடித்தால் எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள் தந்தாக வேண்டும். கிறிஸ்மஸ் அதற்குப் பிறகுதானே வருகிறது. கேக் வேண்டுமானால் கிறிஸ்மஸுக்குத் தரட்டும்.

கேள்வி: பிரசவ விடுப்பில் இருந்த ஆறு மாதத்தைக் கழித்து போனஸ் போட்டிருக்கிறார்கள். (வாசகி, கருங்கல்)

தப்பு. சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்பு நாட்கள், போனஸ் கணக்கில் வேலை பார்த்த நாட்களே. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு என் அன்பு.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வீட்டை வாடகைக்கு விட என்னிடம்தான் சொல்கிறார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தால் பாதி மாத வாடகை தருகிறார்கள். சிலர் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ள மாதம் 500 அனுப்புகிறார்கள். வாங்கலாமா? (உதவி மேனேஜர், நாகர்கோவில்)

முதல் கேள்விக்காரரின் அத்தை மகனுக்கு டெக்சாஸில் கிடைப்பதன் நம்மூர் வடிவம் இதுதான். அவனுக்கு முதலாளியே சம்பளச் சீட்டில் போட்டுத் தருகிறார், உங்களுக்குத் தனி ஆள் கையில் தருகிறார். வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, மறைத்து வாங்குவதில்தான். உங்கள் நியமன ஆணையில் வேறு வருமானம் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கமிட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டாலும் வாங்குங்கள். அனுமதி வாங்காவிட்டால் பக்கத்துத் தெரு புரோக்கர் ஒருநாள் செக்ரட்டரியிடம் போய்ப் பற்ற வைப்பார், அதோடு வேலை போய்விடும்.

அந்த 500 ரூபாய்க்கு உண்மையாகவே வேலை செய்யுங்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டில் தரைக்குழாயின் டிராப்பில், அதாவது நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் நிற்கிற வளைவில், தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே ஏறும். மாதம் இரண்டு தடவை எல்லாக் குழாயையும் திறந்து விடுங்கள். கடற்கரை பக்கத்துக் கட்டடம் என்றால் ஏ.சி. வெளி யூனிட்டின் துரு, ஜன்னல் கொக்கி எல்லாம் பார்த்து, போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். உள்ளே போகும்போது செக்யூரிட்டி ஒருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். சாவி எடுத்த நேரம், திருப்பி மாட்டிய நேரம், இரண்டும் சாவிப் பதிவேட்டில் ஏற வேண்டும், இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும்.