"முழு செட்" என்று யாராவது சொன்னால் முதலில் பூச்சியம் இருக்கிறதா என்று கேளுங்கள்

கேள்வி: மகனுக்கு 14 வயது. சோனிக் வீடியோ கேம் என்றால் சாப்பாடு வேண்டாம். அவனிடம் பழைய சோனிக் காமிக்ஸ் மூன்று இருக்கின்றன: 248, 249, 252. நடுவில் கதை விட்டுப்போயிருக்கிறது, பக்கம் கிழிந்திருக்கும் என்கிறான். எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் கிழியவில்லை. ஃபேஸ்புக்கில் ஒருவர் 1 முதல் 290 வரை முழு செட் தருவதாகவும், 291இல் இருந்து மாதாமாதம் எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். விலை ஒன்றரை இலட்சம் ரூபாய், பாதி முன்பணம். கொடுக்கலாமா? (தலவாக்கலையில் இருந்து ஒரு தாய்)

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. 291 என்று ஓர் இதழ் அச்சில் வரவே இல்லை. 290ஆவது இதழ் 2016 டிசம்பரில் வந்தது. அதோடு அமெரிக்காவின் ஆர்ச்சி நிறுவனம் வெளியிட்ட சோனிக் நின்றுவிட்டது. 23 வருடங்களுக்கு மேல் ஓடி, கின்னஸ் சாதனைப் புத்தகம் வரை போன தொடர் அது. கதையை முடித்துக்கூட வைக்கவில்லை. வாசகர்களை ஏழு மாதம் காக்கவைத்து, 2017 ஜூலையில்தான் "இனி இல்லை" என்று அறிவித்தார்கள். உரிமம் ஆர்ச்சிக்கும் சோனிக்கின் சொந்தக்காரரான சேகாவுக்கும் இடையில் உள்ள விஷயமாம். மாதாமாதம் காசு கொடுத்து வாங்கிய பிள்ளைகளுக்கு ஒரு கடைசிப் பக்கம் கொடுக்கக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பிறகு ரசிகர்கள் தாங்களே 291ஐ வரைந்து இணையத்தில் போட்டார்கள். அதை யாராவது பிரிண்ட் எடுத்து விற்றால் அது நிறுவனத்தின் இதழ் ஆகாது.

சரி, அந்த "முழு செட்" கதைக்கு வருவோம். மலையகத்தில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். 1992 கடைசியில் இருந்து ஆர்ச்சி சோனிக்கைப் பரீட்சார்த்தமாக நான்கு இதழ்கள் போட்டது. இலக்கங்கள் 0, 1, 2, 3. அட்டையில் இருக்கும் மாதம் 1993 பெப்ரவரியில் தொடங்கும். அவை விற்றதால் 1993 ஜூலைத் திகதியில் தொடர்ச்சியான இதழ் ஆரம்பமானது. அப்போது இலக்கத்தை 4இல் இருந்து போடாமல் திரும்பவும் 1 என்று போட்டார்கள். ஆகவே 1, 2, 3 மூன்றும் இரண்டிரண்டு உண்டு. 290ஓடு இந்த நான்கையும் கூட்டினால் 294. உங்கள் ஆளிடம், "பூச்சியம் இருக்கிறதா? ஒன்று எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். தெரிந்தவர் என்றால் உடனே பதில் வரும். இடைத்தரகர் என்றால் "எல்லாம் இருக்கு, முதலில் காசைப் போடுங்க" என்பார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை.

உங்கள் மகன் சொன்னதும் சரி, நீங்கள் எண்ணியதும் சரி. 2013இல் சோனிக்கையும், இன்னொரு வீடியோ கேமின் நாயகனான மெகா மேனையும் சந்திக்க வைத்து 12 பாகக் கதை ஒன்று போட்டார்கள். அதை ஆர்ச்சியின் மூன்று தொடர்களுக்குப் பிரித்துவிட்டார்கள்: சோனிக் 248 முதல் 251, சோனிக் யூனிவர்ஸ் 51 முதல் 54, மெகா மேன் 24 முதல் 27. 248க்கும் 249க்கும் இடையில் வரும் இரண்டு பாகங்கள் மற்ற இரண்டு தொடர்களில் கிடக்கின்றன. சோனிக்கின் 290 இதழ்களையும் வாங்கி அடுக்கினாலும் இந்தக் கதையில் மூன்றில் ஒரு பங்குதான் கையில் இருக்கும். அதன் முடிவில் மெகா மேன் தன் உலகத்தைச் சரிசெய்துவிடுவான். சோனிக்கை வில்லன் டொக்டர் எக்மேன் இடையில் புகுந்து குழப்பிவிடுவான். ஆகவே 252இல் சோனிக்கின் உலகமே மாறியிருக்கும், பழைய பாத்திரங்கள் பலர் காணாமல் போயிருப்பார்கள். காரணம் கதைக்கு வெளியேயும் இருந்தது: தான் உருவாக்கிய பாத்திரங்கள் தனக்கே சொந்தம் என்று முன்னாள் எழுத்தாளர் கென் பென்டர்ஸ் உரிமை கோர, வழக்கு நீதிமன்றம் வரை போய் 2013இல் சமரசமாக முடிந்தது.

புதிய சோனிக் 2018 ஏப்ரலில் ஐடிடபிள்யூ நிறுவனத்தில் 1ஆம் இலக்கத்தில் தொடங்கியது. எழுதியவர் இயன் ஃபிளின். 160ஆவது இதழில் இருந்து ஆர்ச்சிக்கு எழுதியவரும் இவரேதான். அதைக் காட்டி "இது 291தான்" என்று விற்கிறார்கள். அப்படியில்லை, கதை வேறு. ஆர்ச்சியின் கதைகளை ஐடிடபிள்யூ மறுபதிப்புச் செய்யவும் இல்லை. பிரித்தானியாவில் 1993 முதல் 2002 வரை வந்த சோனிக் த காமிக் இன்னொன்று. அதையும் செட்டில் கலந்து எண்ணிக்கை காட்டுவார்கள்.

பழைய இதழ் எதை வாங்கினாலும் அட்டையின் படத்தோடு, உள்ளே சின்ன எழுத்தில் வெளியீட்டாளர் விபரம் உள்ள பக்கத்தின் படத்தையும் கேளுங்கள். 90களின் தாள் பத்திரிகைத் தாள் போன்றது. இப்போது ஓரம் பழுத்திருக்க வேண்டும், தாளைக் கோர்த்த கம்பிப் பின்னிலும் கொஞ்சம் துரு இருக்கலாம். நம் ஊர்ப் பனியில் இருந்து வந்த 1994ஆம் ஆண்டு இதழ் வெள்ளை வெளேரென்று மினுங்கினால் அது கலர் பிரிண்ட். "பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இன்னும் பத்தாயிரம் போடுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். உண்மையான வரி என்றால் பற்றுச்சீட்டு கிடைக்கும், இன்னொருவரின் சொந்தக் கணக்குக்குப் போகாது.

மகனுக்கு ஐடிடபிள்யூவின் முதல் தொகுதியை எடுங்கள். பெயர் ஃபால்அவுட், முதல் நான்கு இதழ்களும் அதில் உண்டு. கண்டியிலோ கொழும்பிலோ உள்ள புத்தகக்கடையில் ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள) இலக்கத்தைக் கொடுத்து ஓடர் பண்ணலாம், புத்தகம் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் கடையாகப் பாருங்கள். சோனிக்கும் மெகா மேனும் சந்திக்கும் அந்த 12 பாகக் கதை மூன்று தொகுதிகளாகவும் வந்திருக்கிறது. பழைய பிரதி கிடைக்கும்வரை 248ஐயும் 249ஐயும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் ஏறும் சுவரில் முட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். 252ஐ இப்போதே வாசிக்கட்டும், அது ஒரு புதுத் தொடக்கம்தான்.