மூன்று வரி எழுதினால் தண்ணீர் வந்துவிடுமா?

கேள்வி: நாற்பது வீடுகள் சேர்ந்த குடியிருப்பு எங்களுடையது. எல்லாருக்கும் நிலத்தடி நீர்தான். நடுவில் பழைய பொதுக் கிணறு ஒன்று இருக்கிறது, இப்போது அதில் யாரும் இறைப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவர் தன் போர்வெல்லை இன்னும் ஆழமாக்கினார். ஆறே மாதத்தில் எங்கள் மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்து மேலும் நான்கு வீடுகள் ஆழமாக்கின. இன்னொருவர் தினமும் குழாயைத் திறந்துவிட்டு வண்டி கழுவுகிறார், கேட்டால் "உங்க தண்ணியா?" என்கிறார். ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் இதையே பேசியதில் எனக்குத் "தண்ணி டீச்சர்" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ராத்திரியில் எங்காவது சொட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நான்கு மாதமாகத் தினம் ஒரு ஹைக்கூ எழுதுகிறேன், அந்தப் பத்து நிமிடம்தான் மனசு அடங்குகிறது. என் கணவரோ, "மூணு வரி எழுதினா தண்ணி வந்துடுமா? சண்டை போட முடியாம ஓடி ஒளியறே" என்கிறார். மனிதர்களின் பேராசையைப் பார்த்து வெறுத்துவிட்டது. நான் ஓடி ஒளிகிறேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இல்லை. நீங்கள் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான்கு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் படுக்கப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

சொட்டுச் சத்தத்துக்கு எழுந்து உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். வீட்டில் இருப்பவர்களுக்கு அது வீண் பதற்றமாகத் தெரியலாம். ஆனால் நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 20 லிட்டர், வருடத்துக்கு 7,000 லிட்டருக்கு மேல். உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. அந்தக் காதைப் பகலில் பயன்படுத்திக்கொண்டு இரவில் தூங்கப் போவது எப்படி என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

பேராசை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் மறுக்கவில்லை. தினமும் குழாயைத் திறந்துவிட்டு வண்டி கழுவுகிறவர், தனக்குக் கிடைப்பதற்கு முடிவே இல்லை என்று நம்புகிறார். அதற்கு வேறு பெயர் கிடையாது. ஆனால் போர்வெல்லை ஆழமாக்கிய ஐந்து வீடுகளையும் அதே கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மோட்டார் பலமாக இழுக்கும்போது அதைச் சுற்றிலும் நிலத்தடி நீர்மட்டம் புனல் மாதிரி சரிகிறது. அந்தப் புனலின் ஓரத்தில் ஆழம் குறைந்த குழாய் யாருக்கு இருக்கிறதோ அவருக்குத்தான் முதலில் காற்று வரும். உங்களுக்கு நடந்தது அதுதான். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்க்கிறார், அடுத்தது நாம்தான் என்று நடுங்குகிறார், கடன் வாங்கியாவது ஆழமாக்குகிறார். அதைப் பார்த்து அடுத்தவர். இரண்டாவது வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு வரை வேலை செய்தது முக்கால்வாசி பயம்தான் என்று நினைக்கிறேன். பேராசைக்காரரிடம் பேசுவது கஷ்டம். பயந்தவரிடம் பேசலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற குளம் என்றால் தண்ணீர் இறங்குவதை ஊரே பார்க்கும். நிலத்துக்கு அடியில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. நான் மிச்சம் பிடித்தால் அது எனக்காக அங்கேயே காத்திருக்காது, பக்கத்து மோட்டார் எடுத்துக்கொள்ளும். அதனால் சிக்கனமாக இருப்பவர் ஏமாளி மாதிரி உணர்கிறார். 1968-இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் ஒரு பெயர்பெற்ற கட்டுரையில், பொதுவில் இருக்கும் எதுவும் இப்படித்தான் அழியும் என்று கிட்டத்தட்டத் தீர்ப்பே எழுதிவிட்டார். அவர் வாதத்தை ரொம்ப நாள் உலகம் அப்படியே ஏற்றுக்கொண்டது. நீங்களும் இப்போது அந்த மனநிலையில்தான் இருக்கிறீர்கள்.

ஆனால் அதற்கு முன்பே எலினோர் ஆஸ்ட்ராம் என்ற பெண், தன் முனைவர் பட்டத்துக்காக, கிட்டத்தட்ட உங்கள் குடியிருப்பின் கதையையே பெரிய அளவில் ஆராய்ந்திருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில், கடலோரமாக, மேற்குப் படுகை என்று ஒரு நிலத்தடி நீர்ப்பகுதி. ஆளாளுக்கு இறைத்து இறைத்துக் கடல்நீர் உள்ளே வந்து கிணறுகள் உப்பாகிக்கொண்டிருந்தன. 1945-இல் வழக்கு. வழக்கின் நடுவே நடுநிலையான ஓர் அரசுத் துறை அளந்து அறிக்கை கொடுத்தது, எவ்வளவு இருக்கிறது, யார் எவ்வளவு எடுக்கிறார் என்று. அதுவரை ஒவ்வொருவரும் அவரவர் கணக்கைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 1955-இல் இறைப்பைக் குறைக்க ஒரு தற்காலிக ஒப்பந்தம் போட்டார்கள். அதில் இருந்த ஒரு நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நீர் உரிமையில் 80 விழுக்காடு வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். அதாவது, முதலில் கையெழுத்துப் போட்டவர் தனியாகக் குறைத்துக்கொண்டு ஏமாறவேண்டியதில்லை. யார் எவ்வளவு இறைத்தார் என்பது அதன் பிறகு வருடாவருடம் அறிக்கையாக எல்லாருக்கும் தெரிந்தது. கடலோரத்தில் நல்ல தண்ணீரை நிலத்துக்குள் செலுத்தி உப்புநீரைத் தடுத்து நிறுத்தினார்கள். அங்கே இருந்தவர்கள் யாரும் மகான்கள் இல்லை, ஒருவரை ஒருவர் கோர்ட்டுக்கு இழுத்தவர்கள்தான். இப்படி உலகெங்கும் மக்கள் பொதுச்சொத்தைத் தாங்களே காப்பாற்றிய விதங்களை ஆராய்ந்ததற்காக ஆஸ்ட்ராமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான்.

சரி, உங்கள் நாற்பது வீட்டுக்கு வருவோம். அந்தப் பொதுக் கிணற்றை யாரும் இறைப்பதில்லை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் உங்கள் கடிதத்திலேயே பெரிய செல்வமாகத் தெரிகிறது. இறைக்காத கிணறு, நிலத்துக்குள் பார்க்க ஒரு ஜன்னல். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குங்கள். கிணற்று விளிம்பில் கயிற்றைப் பிடித்து அடையாளம் போட்டுக்கொண்டு மேலே இழுத்து, அந்த அடையாளத்திலிருந்து ஈரம் தொடங்கும் இடம் வரை அளவுநாடாவால் அளந்துவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். வாரம் ஒரு தடவை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், முடிந்தால் மோட்டார்கள் ஓடாத அதிகாலையில். அந்த எண்ணையும் தேதியையும் எல்லாரும் கடந்துபோகிற இடத்தில் ஒரு பலகையில் எழுதுங்கள். கீழே ஒரு வரி அறிவுரைகூட எழுதாதீர்கள், தயவுசெய்து. "நீரைச் சேமிப்போம்" என்று ஒரு வரி சேர்த்தால்கூட அது தண்ணி டீச்சரின் பலகை ஆகிவிடும். வெறும் எண் மட்டும் இருந்தால் அது கிணற்றின் பலகை.

நான்கைந்து மாதம் அந்த எண் இறங்குவதையும், மழைக்குப் பிறகு ஏறுவதையும் எல்லாரும் பார்த்த பிறகு பேசுங்கள். யாரிடம் முதலில்? போர்வெல்லை ஆழமாக்கிய அந்த ஐந்து பேரில் ஒருவரிடம். ஆச்சரியப்படாதீர்கள். நிறையச் செலவு செய்தவர் அவர், தன்னைவிட ஆழமாக இன்னொருவர் போட்டுவிட்டால் அத்தனையும் வீண் என்ற பயம் உங்களைவிட அவருக்குத்தான் அதிகம். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு மீட்டர், எல்லார் அளவும் எல்லாருக்கும் தெரியும்படி ஒரு கணக்கு, இனி யாரும் ஆழமாக்குவதில்லை என்று ஒரு தாள், அதுவும் 32 வீடுகள் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்ற நிபந்தனையோடு. இதை அவர் வாயால் கூட்டத்தில் சொன்னால் எடுபடும். நீங்கள் அன்றைக்கு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் உட்காருங்கள். வண்டி கழுவுகிறவரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவரை மாற்றப்போவது நம் பேச்சு இல்லை, அவருக்குப் பக்கத்து வீட்டு மீட்டர்.

இதில் ஒரு விஷயத்தை நானும் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு காலத்தில் எதிர்வீட்டுத் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்து மாதக்கணக்கில் மனசுக்குள் கொதித்திருக்கிறேன். அதே மாதங்களில் என் வீட்டுக் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியில் சத்தமே இல்லாமல் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்து, காலையில் மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் கொஞ்சம் அடங்கியது. நீங்களும் ஒரு ராத்திரி அப்படிப் பார்த்துவிடுங்கள். ஃப்ளஷ் தொட்டியில் நான்கு சொட்டுச் சாயம் விட்டுக் கால் மணி நேரம் தொடாமல் இருங்கள், கீழே நிறம் வந்தால் கசிவு.

இப்போது ஹைக்கூவுக்கு வருகிறேன். நோட்டிலிருந்து ஒன்றை அனுப்பியிருந்தீர்கள்:

பக்கத்து வீட்டுக் குழாய்
விடிய விடிய ஓடுகிறது
மனிதன் திருந்தமாட்டான்

முதல் இரண்டு வரியும் எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்றாவது வரியில் நீங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தீர்ப்புச் சொல்லப் போய்விட்டீர்கள், அதாவது சங்கக் கூட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டீர்கள். அந்த நேரத்தில் அங்கே வேறு என்ன இருந்தது? குழாயடிச் சுவர் ஈரமாக இருந்திருக்கும். அதில் ஏதாவது ஊர்ந்திருக்கும். உதாரணத்துக்கு:

விடிய விடிய ஓடும் குழாய்
ஈரச் சுவரில்
ஒரு நத்தை

நத்தை யார் பக்கமும் இல்லை. வீணாகும் தண்ணீர் இதிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, படிக்கிறவருக்கு அது உறைக்கவும் செய்யும், ஆனால் எழுதிய உங்களுக்குத் தொண்டை அடைக்காது. ஜப்பானிய மரபில் ஹைக்கூவுக்குப் பருவத்தைக் காட்டும் ஒரு சொல்லும், இரண்டு காட்சிகளுக்கு நடுவே வெட்டி நிறுத்தும் ஒரு சொல்லும் உண்டு. 5-7-5 என்ற கணக்கு அவர்கள் மொழியின் ஒலியலகுக்கு உரியது, நம் அசையும் அதுவும் ஒன்றில்லை, அதனால் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அந்த வெட்டை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மஸவோகா ஷிகி என்ற கவிஞரைப் பற்றி உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். ஹைக்கூ என்ற பெயரையும் தனி வடிவம் என்ற நிலையையும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலைநிறுத்தியவர் அவர்தான். காசநோய் முதுகெலும்பைத் தின்றுவிட, கடைசி வருடங்களைப் படுக்கையிலேயே கழித்தார். படுத்தபடி கண்ணுக்கு எட்டிய சின்னத் தோட்டத்தைத்தான் எழுதினார். கண்ணெதிரே உள்ளதை அப்படியே தீட்டு என்பதுதான் அவர் வலியுறுத்தியது. தோட்டத்தில் பீர்க்கு வகைக் கொடி ஒன்று இருந்தது, அதன் தண்டிலிருந்து எடுக்கும் நீர் சளிக்கு மருந்து என்று அங்கே நம்பினார்கள். 1902 செப்டம்பரில், 34 வயதில் இறந்தார். இறப்பதற்கு முந்தின நாள் அவர் எழுதிய கடைசி மூன்று ஹைக்கூவும் அந்தக் கொடியைப் பற்றியவை. அந்த மனிதர் ஓடி ஒளிந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. எழுந்து நடக்கவே முடியாதவர் எங்கே ஓடுவார்? இருந்த இடத்திலேயே முழுசாக இருந்தார்.

அப்புறம், உலகமே இப்படித்தான் என்ற அந்த வெறுப்பு. பெரிய அளவில் நடக்கும் அழிவு உண்மைதான். மத்திய ஆசியாவில் ஏரல் கடல் என்று சொல்லப்பட்ட மாபெரும் ஏரி, ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி, அதற்கு வரும் இரண்டு ஆறுகளையும் 1960-களிலிருந்து பருத்திக்குத் திருப்பிவிட்டதில் பெரும்பகுதி வறண்டு உப்புப் பாலையாகிவிட்டது. ஆனால் அதே ஏரியின் வடக்குத் துண்டில் 2005-இல் ஓர் அணையை முடித்தார்கள், தண்ணீர் ஏறியது, உப்பு குறைந்தது, மீன் திரும்பி வந்தது. முழு ஏரி இல்லை, ஒரு துண்டுதான். மனிதர்கள் உலகில் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு பாசனத்துக்குப் போகிறது. அந்தக் கணக்கெல்லாம் உங்கள் தலையணைக்கு வரவேண்டியதில்லை. உங்கள் பங்குக்கு ஒரு கிணறு இருக்கிறது.

ஹைக்கூ நோட்டையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், இடது பக்கத்தில் கிணற்றின் எண், வலது பக்கத்தில் அன்றைய மூன்று வரி. ராத்திரி சொட்டுச் சத்தம் கேட்டால் எந்தக் குழாய் என்று குறித்துவிட்டுப் படுங்கள், காலையில் வாஷர் மாற்றலாம். எண் எழுதும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுத்துப் பாருங்கள், கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க எப்படியும் ஓர் ஆள் வேண்டும். உங்கள் கிணற்றை நினைத்து நேற்று எனக்கு வந்தது இது:

நனையாத கயிறு
போன மாதத்தைவிட
ஒரு முழம் நீளம்

முதல் வாரம் அளந்துவிட்டு எழுதுங்கள், அந்த எண்ணையும் அதன் எதிர்ப்பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து.