ராணுவ நாய்க்கு விடை கொடுப்பது எப்படி: கேள்வி-பதில்

ஓய்வுபெற்ற ராணுவ நாய்களைத் தத்தெடுத்து வளர்க்கும் அமெரிக்க வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கே: எங்கள் பெல்ஜியன் மாலினுவாவுக்குக் கேன்சர் முற்றிவிட்டது. பக்கத்தில் இருக்கும் ஃபியூனரல் ஹோமில் (இறுதிச் சடங்கு நடத்தித் தரும் இடம்) நாயின் இறுதிக் காரியத்தை எடுத்துக்கொள்வார்களா?

ப: சிலர் எடுத்துக்கொள்வார்கள், செல்லப்பிராணிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருப்பவர்களும் உண்டு. சொந்தமாகத் தகன உலை இல்லாதவர்கள் வெளியே அனுப்புவார்கள். அதில் தப்பு இல்லை, ஆனால் எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் மழுப்பாமல் பதில் வர வேண்டும். இன்னொரு விஷயம். மனிதர்களுக்கான சேவை என்றால் 1984 முதல் நடப்பில் இருக்கும் ஃபெடரல் விதிப்படி போனில் கேட்டாலே விலை சொல்லியாக வேண்டும், நேரில் போனால் விலைப்பட்டியல் கொடுத்தாக வேண்டும். நாய்க்கு அந்த விதி பொருந்தாது. அதனால் நாய் உயிரோடு இருக்கும்போதே, மனசு கேட்காவிட்டாலும், நாலு இடத்துக்குப் போன் போட்டு விலையை எழுத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி நாளில் எதையும் விசாரிக்கிற நிலையில் யாரும் இருப்பதில்லை.

கே: தரும் சாம்பல் எங்கள் நாயுடையதுதான் என்று எப்படி நம்புவது?

ப: தகனத்தில் மூன்று வகை இருக்கிறது. கூட்டுத் தகனத்தில் சாம்பல் திரும்பி வராது. ஒரே உலையில் பல உடல்களை இடைவெளி விட்டு வைத்து எரிப்பதில் சாம்பல் ஓரளவு கலந்துதான் போகும். தனித் தகனத்தில் உங்கள் நாய் மட்டுமே உலைக்குள் இருக்கும், ஆனால் இரண்டாவதையும் "தனி" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. எனவே வகையின் பெயரைக் கேட்காதீர்கள், "என் நாய் உள்ளே போகும்போது உலையில் வேறு ஏதாவது இருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். எண் பொறித்த உலோக வில்லை உடலோடு போய்ச் சாம்பலோடு திரும்பி வருமா, கூட நின்று பார்க்கலாமா என்றும் கேளுங்கள். 30 கிலோ நாய் என்றால் சாம்பல் சுமார் ஒரு லிட்டர்தான் வரும், பெரிய கலசம் வாங்க வேண்டியதில்லை.

கலசத்தில் பெயரோடு காதில் பச்சை குத்தியிருக்கும் எண்ணையும் பொறிக்கச் சொல்லுங்கள், ராணுவப் பதிவேட்டில் உங்கள் நாயின் அடையாளம் அதுதான். ராணுவ நாய்களுக்குப் பயிற்சி தரும் டெக்சாஸ் லாக்லாண்ட் தளத்திலேயே பிறந்து வளர்ந்த நாய் என்றால் ஆங்கிலத்தில் பெயரின் முதல் எழுத்து இரண்டு முறை வரும். பொறிப்பவர் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: தேசிய ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்ய முடியுமா? கொடி, ராணுவ மரியாதை கிடைக்குமா?

ப: முடியாது. படைவீரர் நலத்துறையின் கல்லறைகளில் நாய்க்கு இடமில்லை. இலவசக் கொடியும், இரண்டு வீரர்கள் வந்து அதை மடித்துக் கொடுக்கும் மரியாதையும் சட்டப்படி மனிதர்களுக்கு மட்டும்தான். இது எனக்கு வருத்தம்தான். வியட்நாம் போரில் சுமார் 4,000 நாய்கள் வேலை பார்த்தன, அவற்றை உபகரணக் கணக்கில் வைத்து, பெரும்பாலானவற்றைத் திரும்பக் கொண்டுவராமலே விட்டுவிட்டார்கள். ஓய்வுபெற்ற நாயை வீட்டுக்கு அழைத்துப்போகச் சட்டம் வந்ததே 2000-இல்தான். ஆனால் படையினர் மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1944-இல் குவாம் தீவை மீட்ட சண்டையில் உயிரிழந்த, மரைன் படையைச் சேர்ந்த 25 நாய்களுக்கு அங்கேயே தனிக் கல்லறை இருக்கிறது, 1994-இல் அங்கே ஒரு டாபர்மேன் சிலையும் வைத்தார்கள். லாக்லாண்டில் 2013-இல் தேசிய நினைவுச்சின்னமே திறந்தார்கள்.

இனி உங்கள் நாய்க்கு நீங்கள் நடத்தும் நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்கிறேன். கொடி நீங்களே வாங்கிப் போர்த்தலாம், அதற்குத் தண்டனை எதுவும் கிடையாது. ஆனால் எனக்குக் கொடியைவிடப் பெரிதாகப் படுவது ஹேண்ட்லர்கள், அதாவது ராணுவத்தில் நாயோடு வேலை பார்க்கும் வீரர்கள், தங்களுக்குள் வைத்திருக்கும் வழக்கம். காலிக் கூண்டு ஒன்றை முன்னால் வைப்பார்கள், கதவில் கழுத்துப் பட்டையும் கயிறும் தொங்கும், பக்கத்தில் சாப்பாட்டுக் கிண்ணம் கவிழ்த்து வைத்திருக்கும். இதற்குச் செலவே இல்லை, எந்த ஃபியூனரல் ஹோமின் சிறிய அறையிலும் செய்துவிடலாம். உங்கள் வீட்டில் அது சாப்பிட்ட கிண்ணத்தையே கொண்டுபோங்கள், புதிதாக வாங்காதீர்கள். அப்புறம், பழைய ஹேண்ட்லர் எங்கே இருக்கிறார் என்று தேடிச் சொல்லிவிடுங்கள். நேரில் வர முடியாவிட்டால் வீடியோவிலாவது இருக்கட்டும், நீங்கள் பார்த்தே இராத வருடங்களில் அந்த நாயோடு படுத்து எழுந்தவர் அவர். பக்கத்துப் போலீஸ் நாய்ப்படையிடமும் கேட்டுப் பாருங்கள், இதற்காகத் தங்கள் நாய்களோடு வந்து வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

கே: பின்னாளில் என் கல்லறையிலேயே நாயின் சாம்பலையும் வைக்கலாமா?

ப: மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் லாபநோக்கற்ற கல்லறைகள் சம்மதித்தால் வைக்கலாம் என்று 2016-இல் சட்டம் வந்தது. வேறு மாநிலம் என்றால் கல்லறை நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, உங்கள் உயிலோடு சேர்த்து வையுங்கள்.

கே: வீட்டுத் தோட்டத்தில் புதைத்தால்?

ப: முதலில் ஊர் விதியைப் பாருங்கள். ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைத்த நாயின் உடலில் பென்டோபார்பிட்டல் என்ற அந்த ஊசி மருந்து தங்கியிருக்கும், மேலோட்டமாகப் புதைத்தால் தோண்டித் தின்னும் பிராணிகள் செத்துப்போகும். ஆழமாகத் தோண்ட முடியாது என்றால் தகனமே நல்லது.

கே: நடுராத்திரியில் வீட்டிலேயே இறந்துவிட்டால் என்ன செய்வது?

ப: சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். அதற்குள் கால்களை மடக்கி, தூங்கும்போது சுருண்டு படுக்கும் மாதிரி படுக்கவையுங்கள். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே அதனுடைய போர்வை. வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டு ஃபியூனரல் ஹோமுக்குப் போன் செய்யுங்கள். ராத்திரியில் வண்டி அனுப்புவார்களா என்பதையும் விலை கேட்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.