பாண்டிச்சேரிக்கு ஒரு பகல் போதுமா?

கேள்வி: நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம். நான், கணவர், 6 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார் (68). பாண்டிச்சேரியை எங்களில் யாருமே பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போய்விட்டு இரவே வீடு திரும்ப நினைக்கிறோம். பிள்ளைகளுக்குக் கடலில் குளிக்க ஆசை. கணவரோ, “அங்கே என்ன இருக்கு, நாலு மஞ்சள் சுவர்தானே” என்கிறார். போகலாமா, மகாபலிபுரத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?
– வாசகி, மேற்குத் தாம்பரம்

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. காலை ஏழரைக்கு இட்லி சாப்பிட்டுக் கிளம்பி, பதினோரு மணிக்கு பாண்டியில் இறங்கி, மாலை ஐந்துக்குத் திரும்புகிறவர்கள் கண்ணில் படுவது அந்த மஞ்சள் சுவர்தான். ஊரின் இரண்டு நல்ல வேளைகளும் அவர்களுக்குத் தப்பிப் போகின்றன. தினமும் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. காந்தி சிலைக்கு இருபுறமுமாகச் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்குமேல் நீளும் அந்தச் சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான். பாண்டியைப் பற்றி ஆசையாகப் பேசுகிறவர்கள் பேசுவது இந்த நேரத்தைத்தான்.

நடுப்பகலில் நடப்பது நேரெதிர். அரவிந்தர் ஆசிரமம் 12 மணிக்கு மூடி 2 மணிக்குத்தான் திறக்கும். மணக்குள விநாயகர் கோயில் பகல் 12.30 வாக்கில் நடை சாத்தினால் மறுபடி மாலை 4 மணிக்கு. கடலோரப் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் உணவகங்கள் பலவும் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஏழு மணிக்குத்தான் ஆளைச் சேர்க்கும். வெயிலில், வலிக்கும் முழங்காலோடு உங்கள் மாமியார் எங்கே உட்காருவார்? பாரதி பூங்கா ஒன்றுதான் நிழல்.

அடுத்தது கடல். இதைத் தெரியாமல் போய் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். பீச் ரோட்டில் பீச் கிடையாது. கொட்டி வைத்த கருங்கல்தான் இருக்கிறது. முன்பு அங்கே அகலமான மணல் இருந்தது. இந்தக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. நகரத்தின் முன்னால் இருந்ததைக் கடல் எடுத்துக்கொண்டு போனது. மிச்சத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அரிப்பு அங்கே நிற்காமல் வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் வரை நகர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கால் நனைக்கலாம், அவ்வளவுதான். கற்களின்மேல் பாசி இருக்கும், இடுக்கில் கால் மாட்டும். போட்டோ எடுக்கக்கூடப் பிள்ளைகளை அதில் இறங்க விடாதீர்கள்.

குளிக்கத்தான் வேண்டுமென்றால் துறைமுகத்துக்குத் தெற்கே, மணல் இருக்கும் பக்கம் போகவேண்டும். சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் பீச், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-ல் பெற்றது. கட்டணம் உண்டு, குளியல் அறை, உடை மாற்றும் இடம் எல்லாம் உண்டு. கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகுக் குழாமிலிருந்து படகில் போகும் பாரடைஸ் பீச் அழகானதுதான். ஆனால் ஞாயிறன்று படகுக்கு வரிசை, திரும்பி வரவும் வரிசை. உங்களைப்போல் ஒரே நாள் வைத்திருப்பவர்களுக்கு அது அரை நாளைத் தின்றுவிடும். எங்கே இறங்கினாலும் பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழம் போதும். இந்தக் கரையில் சில அடிகளிலேயே பள்ளம் விழும், இழுப்பும் உண்டு.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். இரவு தங்க முடியும் என்றால் தாராளமாகப் போங்கள். சனி மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, ஞாயிறு காலை பத்து மணிக்குத் திரும்பினால், ஒரு பகல் பயணத்தைவிடக் குறைந்த அலைச்சலில் மாலை பீச் ரோடும் காலை பீச் ரோடும் இரண்டும் கிடைக்கும். சனி இரவு அறை வாடகை கூடுதல்தான். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு போட முடிந்தால் வியாழன் இரவு தங்குவது மலிவு.

தங்கவே முடியாது, ஞாயிறு மட்டும்தான் என்றால் வீட்டிலிருந்து அதிகாலை நாலரைக்குக் கார் கிளம்பவேண்டும். இதில் அரை மணி தளர்ந்தாலும் திட்டம் கெட்டது. திண்டிவனம் வழியாகச் சுமார் 135 கிலோமீட்டர். அந்த நேரத்தில் இரண்டரை மணிக்குள் போய்விடலாம். மகாபலிபுரம், மரக்காணம் வழியாகப் போகும் ஈ.சி.ஆர். பார்க்க நன்றாக இருக்கும். மரக்காணம் உப்பளங்கள் அந்த வழியில்தான். ஆனால் தாம்பரத்திலிருந்து அது சுற்று, சாலை விரிவாக்கப் பணி நடக்கும் இடங்களில் வேகமும் குறையும்.

காரைத் தெற்குக் கோடியில், ரயில் நிலையத்துப் பக்கம் நிறுத்துங்கள். ஒயிட் டவுனுக்குள் இடம் தேடிச் சுற்றினால் ஏழரை மணி போய்விடும். மாமியாரை முதலில் கடற்கரைச் சாலையின் தெற்கு முனையில் இறக்கிவிட்டுப் பிறகு காரை நிறுத்துவது நல்லது. காந்தி சிலை வரை மெல்ல நடந்து உட்காரட்டும். அருகிலேயே 1836-ல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. சிற்றுண்டி முடித்து, எட்டு மணிக்கு மணக்குள விநாயகர். யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. யானையிடம் ஆசி வாங்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். ஆசிரமம் பக்கத்திலேயே. சமாதியைச் சுற்றிப் பேச்சு கூடாது, போட்டோ கூடாது, மூன்று வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. உங்கள் ஆறு வயதுப் பிள்ளை கால் மணி நேரம் வாய் மூடி இருக்குமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

பிறகு எல்லோரும் செய்யத் தவறுவது ஒன்று: பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். கடலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே பிரெஞ்சுக்காரர் பகுதி, வாய்க்காலுக்கு அப்பால் தமிழர் பகுதி என்றுதான் ஊரைப் பிரித்திருந்தார்கள். வைசியாள் வீதியில் தாழ்வாரமும் திண்ணையும் உள்ள பழைய வீடுகளைச் சீரமைத்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். பல வீடுகளின் கீழ்த்தளம் தமிழ்க் கட்டு, மேல்தளம் பிரெஞ்சுப் பாணி. பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்து ஆண்டுகள் இந்த ஊரில்தான் இருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. மஞ்சள் சுவரைப் பார்த்து அலுத்த கணவருக்கு இதைக் காட்டுங்கள்.

ஞாயிறன்று காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் இருக்கும். துணிமணி, பாத்திரம், பழைய புத்தகம் எல்லாம் நடைபாதையில். பத்து மணிக்குமேல் கூட்டம் நெரியும். மாமியாரை அழைத்துக்கொண்டு போகவேண்டாம். பிள்ளைகளுக்குக் கடல்தான் வேண்டுமென்றால் மார்க்கெட்டை விட்டுவிட்டு ஒன்பதரைக்கே ஈடன் பீச்சுக்குக் கிளம்பிவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து நேரம் இல்லை.

ஆரோவில்லை இந்தப் பயணத்தில் தொடவே வேண்டாம். போக, வர, அனுமதிச் சீட்டு வாங்க, நடக்க என்று மூன்று மணி நேரம் ஆகும். அங்குள்ள தங்க நிற உருண்டைத் தியான மண்டபமான மாத்ரி மந்திருக்குள் போக முன்பதிவு தேவை, பத்து வயதுக்குக் கீழ் அனுமதியும் இல்லை. சின்னதை வெளியே வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் காத்திருக்கவேண்டும். தூரத்திலிருந்து தங்க உருண்டையைப் பார்த்துவிட்டு வருவதற்கு அவ்வளவு அலைச்சல் கொஞ்சம் அதிகம்.

பன்னிரண்டேகாலுக்கே சாப்பிட உட்காருங்கள், ஒரு மணிக்குமேல் இடம் கிடைப்பது சிரமம். இரண்டு மணிக்குக் கார் கிளம்பிவிடவேண்டும். நாலு மணிக்குமேல் கிளம்பினால் ஊருக்குப் போய்த் திரும்பும் கூட்டம் முழுக்க திண்டிவனத்தில் உங்களோடு சேரும். பரனூர் சுங்கச்சாவடி, சிங்கப்பெருமாள் கோயில், பெருங்களத்தூர் என்று வரிசையாக நிற்கவேண்டியதுதான்.

நாலரைக்குக் கிளப்ப முடியாத பிள்ளைகள் என்றால் மகாபலிபுரமே சரி. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் காலை 6 முதல் மாலை 6 வரை இடைவேளையின்றித் திறந்திருக்கும், தூரமும் மூன்றில் ஒரு பங்குதான். குளியலுக்கு, மகாபலிபுரத்துக்கு வடக்கே அதே ஈ.சி.ஆரில் கோவளம் இருக்கிறது. அதுவும் நீலக்கொடி பெற்ற கரை. தங்கும் வசதி அமையும்போது பாண்டிக்குப் போய்க்கொள்ளலாம்.

சில்லறை விஷயங்கள்: ஏப்ரல், மே வெயிலும் நவம்பர் மழையும் வேண்டாம், ஜனவரியும் பிப்ரவரியும் நல்லது. தொடர் விடுமுறை, புத்தாண்டு நாட்களில் ஊருக்குள் நுழையவே முடியாது. வாடகைக் கார் எடுத்தால், புதுச்சேரி பெர்மிட் பணம் பேசிய வாடகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். சொந்தக் காருக்கு அது தேவையில்லை. பெட்ரோல் அங்கே சென்னையைவிட விலை குறைவு, திரும்பும்போது நிரப்பிக்கொள்ளுங்கள். கணவர் வேறு எதையாவது ‘விலை குறைவு’ என்று டிக்கியில் வைத்தால் மட்டும் இறக்கிவிடச் சொல்லுங்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் பாட்டிலோடு வண்டியும் போய்விடும்.