ஏலக்காய்க்கு பிளாக்செயின் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

கேள்வி: வண்டன்மேட்டில் எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம். நம்ம ஊர் காய் என்று சொல்லி குவாதமாலா காயைக் கலந்து விற்கிறார்கள். பிளாக்செயின் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினால் போலி நின்றுவிடும் என்கிறான் மகன். நம்பலாமா?
வாசகர், வண்டன்மேடு

பதில்: பாதி நம்பலாம். பிளாக்செயின் என்பது ஒரே கணக்கேட்டைப் பல கம்ப்யூட்டர்களில் வைத்திருப்பது. ஒவ்வொரு பதிவும் முந்தையதோடு கோக்கப்பட்டிருப்பதால், தோட்டம், காய வைக்கும் ஸ்டோர், புற்றடி ஏல மையம், போடி வியாபாரி என்று காய் கைமாறிய கணக்கில் யாராவது பின்னால் ஒரு வரியைத் திருத்தினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முதல் ஆளே பொய்யை ஏற்றினால் அந்தப் பொய்யும் அப்படியே பத்திரமாக இருக்கும்; விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், ஸ்டிக்கரையும் ஜெராக்ஸ் எடுக்கலாமே! அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே கியூஆர் கோடு வேண்டாம். பாக்கெட்டுக்கு ஒரு எண், பிரித்தால் கிழிகிற சீல், உள்ளே சுரண்டிப் பார்க்கும் ரகசிய எண் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே எண் சென்னையிலும் டெல்லியிலும் ஸ்கேன் ஆனால் சந்தேகம் வந்துவிடும். மூட்டையாகப் போகும் காய்க்கு இது உதவாது, பிரித்த இடத்தில் கலந்துவிடுவார்கள்.

மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஆந்திராவின் மிளகாய், மஞ்சள் விவசாயிகளை வைத்து இதே வேலைக்குத் திட்டம் போட்டது. போர்டு அலுவலகத்தில் ஏலக்காய்க்கும் உண்டா என்று விசாரியுங்கள். சொந்தமாகப் பாக்கெட் போட்டு விற்கிறீர்கள் என்றால் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து செய்யுங்கள், செலவு குறையும். ஏலத்துக்கு மட்டும் போடுகிறவர் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.