கொழிஞ்சாம்பாறை அண்ணனுக்கு: பாப்பா கேட்பது நல்ல படிப்புதான்

அண்ணா, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மேற்படிப்பு ஆலோசனைக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, வாசலில் நின்று கேட்டீர்கள்: "ரோட்டுக்கு மேப் போடறது சரிங்க, கட்டடத்துக்குள்ள எதுக்கு மேப்? இதுக்குன்னு ஒரு படிப்பா?" அதற்குள் பஸ் வந்துவிட்டது. பாதிப் பதிலோடு அனுப்பிவிட்டேனே என்று வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் மகள் பாப்பா அன்றைக்கு என்னிடம் ஒன்று காட்டினாள். பள்ளிக்கூடத்துத் தரைத்தளத்தை டேப் வைத்து அளந்து, கோடு போட்ட நோட்டில் வரைந்திருந்தாள். வகுப்பறைக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்தால் நீலப் புள்ளி ஒரு நிமிடம் ஸ்டாஃப் ரூமில் இருக்கிறதாம், அடுத்த நிமிடம் கிணற்றுக்குள் இருக்கிறதாம். ஏன் என்று அவளாகவே தேடிப் படித்திருக்கிறாள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது மிகவும் மெலிந்துவிடும், கான்கிரீட் கூரையைத் தாண்டி ஒழுங்காக உள்ளே வராது. திறந்த வெளியிலேயே போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் முன்பின் இருக்கும். ஒரு வகுப்பறையே அவ்வளவுதான். அதனால் உள்ளே வழிகாட்ட வைஃபை, புளூடூத் போன்ற வேறு சிக்னல்கள் வேண்டும். அதற்கும் முன்னால், அறை, நடை, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் பூமியில் சரியான இடத்தில் உட்கார்ந்த ஒரு மேப் வேண்டும்.

அதை உட்கார வைப்பதுதான் வேலையே. நீங்கள் முப்பது வருடமாகப் பிளான் பார்த்துக் கட்டுகிறவர், உங்களுக்கு இது சட்டென்று புரியும். என்ஜினியர் தரும் பிளானில் ஒரு மூலை பூஜ்யம், அங்கிருந்து எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. அந்தக் கட்டடம் வேலந்தாவளத்தில் நிற்கிறதா, பொள்ளாச்சியில் நிற்கிறதா என்று பிளானுக்குத் தெரியாது. சைட்டில் நீங்கள் எல்லைக் கல்லிலிருந்து நூல் பிடித்து, மூணு நாலு அஞ்சு போட்டு மூலை செங்கோணமா என்று பார்த்துத்தானே பிளானை மண்ணில் இறக்குகிறீர்கள்? அதையே இவர்கள் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். கட்டடத்தின் இரண்டு மூலைகளுக்காவது பூமியின் ஆயத்தொலைவு தெரிந்தால் பிளானை நகர்த்தி, திருப்பி, அளவைச் சரிசெய்து பொருத்திவிடலாம். மூன்றாவது மூலை சோதனைக்கு. பாப்பா பொருத்தியபோது மூன்றாவது மூலை ரோட்டில் போய் விழுந்ததாம். மற்ற இரண்டு மூலைகளின் இடத்தையும் போனில் எடுத்திருந்ததுதான் காரணம். இதையும் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அண்ணா, அந்த நோட்டை எங்கும் தொலைக்க விடாதீர்கள்.

இன்னொன்று. அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று ஸ்கூலில் படிப்பது டிகிரிக் கணக்கு. அட்சத்தில் ஒரு டிகிரி கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர். அப்படியானால் 3 மீட்டர் அறை 0.000027 டிகிரி. இதை வைத்துச் சுவர் வரைய முடியுமா? அதனால் மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறைக்கு மாற்றி வரைவார்கள், வேலை முடிந்ததும் டிகிரிக்குத் திருப்புவார்கள். அந்த முறையில் பூமியை 6 டிகிரி அகலத்துக்கு ஒரு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். நம்ம பாலக்காட்டுச் சித்தூர் 43-ஆம் மண்டலம். ஆந்திரச் சித்தூர் 44. பெயர் ஒன்று, மண்டலம் வேறு; மாற்றிப் போட்டால் கட்டடம் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். அதேபோல மேப்பைச் சேமிக்கும் ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் தீர்க்கம் முதலில், அட்சம் அடுத்தது. நம் சித்தூரை முன்பின்னாக எழுதினால் நார்வேக்கு வடக்கே பனிக்கடலில் விழும். கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லாது, பார்த்துப் பிடிக்கிற ஆள் வேண்டும். மாடியும் தரையும் ஒரே அட்சம், ஒரே தீர்க்கம் என்பதால் எந்தத் தளம் என்பதையும் தனியாகக் குறிக்க வேண்டும்.

சரி, வேலை? பெரிய ஆஸ்பத்திரி, விமான நிலையம், மெட்ரோ நிலையம், மால் இவற்றுக்கெல்லாம் இது தேவைப்படுகிறது. தீப்பிடித்தால் வெளியேறும் வழி, சக்கர நாற்காலி போகும் வழி என்று உயிரோடு சம்பந்தப்பட்ட பயன்களும் உண்டு. ஆனால் இதை மட்டுமே நம்பிப் படிக்க வேண்டாம். இது ஒரு கிளை. மரம் ஜியோஇன்பர்மேட்டிக்ஸ், அதாவது பூமியின் இடத் தகவலைக் கம்ப்யூட்டரில் கையாளும் துறை; அதன் வேர் சர்வேயும் கணக்கும். தொடக்கத்தில் நாள் முழுக்கப் பிளானைப் பார்த்துக் கோடு இழுக்கும் வேலைதான் கிடைக்கும், சலிப்பாகவும் இருக்கும். எந்தப் புள்ளி எதை வைத்து அளந்தது என்று கேட்கத் தெரிந்தவர்கள் அதிலிருந்து மேலே போகிறார்கள்.

அன்றைக்கு ஒரு மூன்று மாதக் கோர்ஸ் நோட்டீஸைக் காட்டினீர்கள். வேண்டாம் அண்ணா. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையனை அப்படி ஓர் இடத்தில் சேரச் சொன்னது நான்தான். மென்பொருளில் எந்தப் பட்டன் எங்கே என்று நன்றாகச் சொல்லித் தந்தார்கள். இன்டர்வியூவில் "இந்தப் புள்ளிகள் எந்த மண்டலம்?" என்று கேட்டபோது அவனுக்குப் பதில் தெரியவில்லை. அவன் அப்பா கட்டிய பணம் இன்னும் என் மனசில் உறுத்துகிறது. மேப் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் ஆன்லைன் வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது. பாப்பாவின் ஆர்வத்துக்கு இப்போதைக்கு இவை போதும்.

படிப்புக்கு வருவோம். சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்பர்மேட்டிக்ஸ் பி.இ. இருக்கிறது. அந்தக் கல்லூரியே 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிற நமக்குத் தமிழ்நாட்டு இருப்பிட விதி பெரிய விஷயம். எட்டாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாள், என்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதை இந்த வருட அறிவிப்பில் வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் அதில் நம்பிக்கை வைக்க வேண்டும். அது அமையாவிட்டால் கேரள நுழைவுத்தேர்வு எழுதிச் சிவில் சேரட்டும். பிறகு எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் ஜியோமேட்டிக்ஸ் (நில அளவை, மேப் துறை) தாள் இருக்கிறது, 2022-லிருந்து தனித்தாளாக நடக்கிறது. என்ஜினியரிங்கே வேண்டாம் என்றால், சித்தூர் அரசுக் கல்லூரியில் புவியியல் படித்துவிட்டு மேற்படிப்பில் இந்தப் பக்கம் திரும்பலாம். செலவும் குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம். ஐடிஐ சர்வேயர் பிரிவையும் கீழாக நினைக்காதீர்கள், கருவியைக் கையில் பிடித்துப் பழக அது நல்ல இடம்.

பிளஸ் டூ கணக்கில் ஆயத்தொலை வடிவியலையும் முக்கோணவியலையும் அவள் தள்ளிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அடுத்த லீவில் ஒரு நாள் சைட்டுக்குக் கூட்டிப் போங்கள். அஸ்திவாரத்துக்கு நீங்கள் நூல் பிடிக்கும்போது மறுமுனையை அவள் கையில் கொடுங்கள். சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியோடு வருகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. பள்ளிக்கூடத்தின் அந்த இரண்டு மூலைகளையும் ஒரு தடவை எடுத்துத் தர முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.